தாளில் தடுமாறும் பிள்ளை: தமிழ் வகுப்பறையில் டிஸ்லெக்சியாவை இனங்காணல்

தரம் மூன்று வகுப்பில் ஒரு மாணவன் தமிழ்ப் பாடநூலை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பந்தியைத் தங்குதடையின்றி வாசித்துக்கொண்டிருந்தான். அருகில் சென்று நின்றபோதுதான், அவனது சுட்டுவிரல் ஊர்ந்துகொண்டிருந்த வரி ஒன்று, வாயிலிருந்து வந்துகொண்டிருந்த வரி வேறொன்று என்பதைக் கண்டேன். முதல்நாள் மற்றப் பிள்ளைகள் வாசித்தபோது காதால் கேட்டு முழுப் பந்தியையும் மனதில் இருத்தி வைத்திருந்தான். கடைசி வரியின் மூன்றாவது சொல்லைத் தனியே காட்டி, இது என்ன என்று கேட்டபோது, பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பிறகு பந்தியை முதலிலிருந்து மெல்லச் சொல்லிக்கொண்டே வந்து அந்தச் சொல் வரும் இடத்தைப் பிடிக்க முயன்றான். வாசிக்க முடியாத ஒரு பிள்ளை இத்தனை மாதங்களாக என் கண்முன்னே வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

எமது ஊரில் இத்தகைய பிள்ளைக்கு இரண்டு பெயர்கள் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்று மொக்கு (மந்தபுத்தி), மற்றது பஞ்சி பிடித்தவன் (சோம்பேறி). ஆனால் ஒரு பந்தியைக் கேட்ட மாத்திரத்தில் சொல் பிசகாமல் ஒப்புவிக்கின்ற பிள்ளை மொக்காக இருக்க முடியாது. வாசிக்கத் தெரியாததை மறைப்பதற்காக, வாசிப்பதற்கு வேண்டியதைவிடப் பல மடங்கு உழைக்கின்ற பிள்ளை பஞ்சி பிடித்தவனாகவும் இருக்க முடியாது. அவனுக்கு இருந்தது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடு. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினரின் பிள்ளைக்குப் பாடசாலையில் இப்படிச் சொன்னார்களாம் என்ற தொலைபேசிச் செய்தியோடுதான் இந்தச் சொல் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றுக்குள் நுழைந்தது. அதனால் அது ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு வருகின்ற ஒன்று என்ற எண்ணமும் கூடவே நுழைந்துவிட்டது. தமிழில் வாசிக்கும் பிள்ளைகளுக்கும் அது வருகிறது. வருகின்ற கோலம் மட்டும் சற்று வேறு.

டிஸ்லெக்சியா என்றால் என்ன

எழுத்தையும் ஒலியையும் விரைவாகவும் உறுதியாகவும் இணைத்துக்கொள்வதில் ஏற்படும் நீடித்த இடர்ப்பாடே டிஸ்லெக்சியா ஆகும். அதன் விளைவாகச் சொற்களைச் சரளமாக வாசிப்பதும் பிழையின்றி எழுதுவதும் கடினமாகின்றன. அறிவாற்றலின் அளவோடு இதற்குத் தொடர்பில்லை. மிகக் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் இருக்கலாம், நடுத்தரமான பிள்ளைக்கும் இருக்கலாம். எவ்வளவு சிரமத்தை டிஸ்லெக்சியா என்று கொள்வது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுமாயினும், 100 பேரில் 5 முதல் 10 பேர் வரை என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடாகும். அப்படிப் பார்த்தால் 35 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள் என்று எதிர்பார்த்தே ஆசிரியர் ஒருவர் ஆண்டைத் தொடங்க வேண்டும்.

பேச்சு எவரும் இருத்திவைத்துச் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைக்கு வந்துவிடுகிறது. எழுத்து அப்படிப்பட்டதன்று. மனித இனம் பேசத் தொடங்கிய காலத்தோடு ஒப்பிட்டால் எழுத்து நேற்றைய கண்டுபிடிப்பு. அதற்கென்று மூளையில் பிறவியிலேயே அமைந்த இடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் பார்வைக்கும் பேச்சொலிக்கும் உரிய பகுதிகளைப் புதிதாக இணைத்து, பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்தில், ஒரு பாதையைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையில் அந்தப் பாதை தாமதமாகவும் கூடுதலான உழைப்போடும் அமைகிறது. அதற்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது, காதில் விழும் சொல்லைச் சிறு ஒலிகளாகப் பிரித்து உணர்வதில் உள்ள சிரமமாகும். இது குடும்பங்களில் தொடர்ந்து வருவது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன், சற்று வெட்கத்தோடு, தானும் சிறுவயதில் இப்படித்தான் என்று சொன்னால், அதைப் பிள்ளைக்கான சாக்குப்போக்காகக் கருதாமல் முக்கியமான தகவலாகக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

டிஸ்லெக்சியா என்ற சொல்லை 1887இல் உருவாக்கியவர் ருடோல்ஃப் பெர்லின் என்ற ஜேர்மனியக் கண் வைத்தியர். தொடக்ககாலத்தில் இதைக் கவனித்தவர்களில் பலர் கண் வைத்தியர்களாக இருந்ததனால்தானோ என்னவோ, கோளாறு கண்ணில் இருக்கிறது என்ற நம்பிக்கை இன்றுவரை விடாமல் நிலைத்திருக்கிறது. உண்மையில் பழைய குறிப்புகளிலேயே அதற்கு எதிரான சான்று தெளிவாக இருக்கிறது. 1896 நவம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பேர்சி என்பது அவனது பெயர்; தன் பெயரையே எழுத்து இடம்மாறி எழுதினான். ஆனால் 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னபோது விரைவாகவும் சரியாகவும் பெருக்கினான். கற்பித்தல் முழுவதும் வாய்மொழியாக இருந்தால் பாடசாலையிலேயே இவன்தான் அதிகெட்டிக்காரன் என்று அவனது ஆசிரியர் சொன்னதையும் வைத்தியர் பதிவு செய்திருக்கிறார். எண்களைப் பார்க்கின்ற அதே கண்தான் எழுத்துகளையும் பார்க்கிறது. ஆகவே கண் அல்ல காரணம்.

அந்த ஆசிரியரின் கூற்றுக்குள் இன்றும் எமக்குப் பயன்படக்கூடிய ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு பிள்ளை காதாலும் வாயாலும் செய்யக்கூடியது எவ்வளவு, தாளில் செய்யக்கூடியது எவ்வளவு, இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்று பார்ப்பதே அது. தாளில் உள்ளதை மட்டும் பார்த்துத் திருத்திக்கொண்டு போகின்ற ஆசிரியருக்கு இந்தத் தூரம் ஒருநாளும் தெரியவராது. தேவாரம் முழுவதையும் பண்ணோடு பாடுகின்ற பிள்ளை, அதே தேவாரத்தைச் சைவசமய நூலில் வாசிக்கும்போது இரண்டாம் அடியில் நின்றுவிடுகின்றது என்றால், அங்கேதான் எமது கவனம் விழ வேண்டும்.

தமிழில் அது காட்டும் முகம்

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டம் ஒவ்வொரு சொல்லிலும் வெவ்வேறு விதமாக ஒலிக்கும். ஆகவே அங்கே டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை சொற்களைத் தவறாக வாசிக்கிறது. பிழை வெளிப்படையாகக் காதில் விழுகிறது. ஜேர்மன், இத்தாலியன் போன்ற மொழிகளில் எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே பெருமளவு ஒழுங்கு இருப்பதால், அப்பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகவே வாசிக்கிறார்கள், ஆனால் மிக மெதுவாக வாசிக்கிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தமிழ் இந்த இரண்டாவது கூட்டத்துக்கு நெருக்கமானது. கல், பகல், தங்கம் ஆகியவற்றில் வரும் ககரம் மூன்று விதமாக ஒலித்தாலும், இடத்தை வைத்து எப்படி ஒலிக்கும் என்று சொல்லிவிடலாம். எனவே தமிழ் வாசிக்கும் பிள்ளையிடம் நாம் முதலில் தேட வேண்டியது பிழையை அல்ல, வேகத்தை. தரம் நான்கிலும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, ‘வி-ள-க்-கு, விளக்கு’ என்று வாசிக்கின்ற பிள்ளை, அடுத்த வரியில் அதே சொல் வரும்போதும் முதன்முறை காண்பதுபோல மறுபடி கூட்டத் தொடங்கினால், அது வலுவான அறிகுறி. மற்றப் பிள்ளைகளுக்கு நாலைந்து தடவை கண்ட சொல் முகம் தெரிந்த ஆளாகிவிடுகிறது. இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடும். வாசித்து முடித்த பின் கேள்வி கேட்டால் விழிக்கும். அதே பந்தியை நாம் வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டால் உடனே பதில் வரும்.

தமிழ் எழுத்தின் அமைப்பிலும் சில பொறிகள் உள்ளன. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள் என்று நாம் பெருமையோடு சொல்வது, ஒலிகளைப் பிரித்துணர்வதில் சிரமப்படும் பிள்ளைக்குப் பெரும் பாரம். அரவு (ா), விசிறி (ி) ஆகியன ஓர் ஒழுங்கில் சேர்கின்றன என்றாலும், உகர ஊகாரங்களில் கு, சு, து, மு, ரு என்று ஒவ்வொரு மெய்யும் தன் போக்கில் வளைகிறது. கொம்பு வரும் எழுத்துகளில் சிக்கல் வேறு வகையானது. ‘மொட்டு’ என்று சொல்லும்போது மகரம் முதலில் ஒலிக்கிறது. எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. பிள்ளை எழுதி முடித்த சொல்லைப் பார்ப்பதோடு நில்லாமல் எழுதிக்கொண்டிருக்கும் கையைப் பாருங்கள். முதலில் ‘ம’வைப் போட்டு, அரவைப் போட்டு, பிறகு திரும்பிவந்து முன்னால் இடமில்லாத இடத்தில் கொம்பை நெருக்கிச் செருகுகின்ற கையைத் தரம் ஒன்றில் எல்லாப் பிள்ளைகளிடமும் காணலாம். தரம் மூன்று முடிந்த பிறகும் அது நீடித்தால் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, மேற்சொன்ன மாணவனின் கொப்பியில் ஒரு பக்கத்தைப் பார்ப்போம். ‘எங்கள் வீட்டுப் பனம்பாத்தி’ என்பது தலைப்பு. நான்கே வரிகள், அவற்றில் பனங்கிழங்கு என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது இடத்தில் ‘பணங்கிளங்கு’ என்றும், இரண்டாவது இடத்தில் ‘பனகிழகு’ என்றும், மூன்றாவது இடத்தில் ‘பங்கினழங்கு’ என்றும் எழுதியிருந்தான். மூன்றையும் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் இவை மூன்றும் ஒரே வகையான பிழைகள் அல்ல.

முதலாவது, யாழ்ப்பாணத்துப் பிள்ளை எதுவும் விடக்கூடிய பிழை. எமது பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. பழமும் மழையும் வாயில் பளமும் மளையும் ஆகிவிடுகின்றன. வாயில் இல்லாத வேறுபாட்டைப் பிள்ளையின் கை எங்கிருந்து கொண்டுவரும்? ணகர னகரக் குழப்பமும் அத்தகையதே. இதை மட்டும் வைத்து எந்தப் பிள்ளையையும் சந்தேகிக்கக் கூடாது. அப்படியானால் பத்திரிகை அலுவலகங்களில் பிழைதிருத்துநரே தேவைப்பட்டிருக்க மாட்டார். இரண்டாவது பிழை வேறு இனம். ‘ங்’ என்ற ஒலி சொல்லில் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் இரண்டு இடத்திலும் விடுபட்டிருக்கிறது. பந்து ‘பது’வாகவும், பட்டம் ‘படம்’ ஆகவும் எழுதப்படுவது இந்த வகையைச் சேர்ந்தது. குற்று (புள்ளி) உள்ள மெய்யெழுத்து தனி அசையாக நிற்காமல் முன்னெழுத்தோடு ஒட்டி ஒலிப்பதால், அதைப் பிரித்துக் கேட்பதுதான் இப்பிள்ளைகளுக்கு மிகவும் கடினம். கல்லும் காலும், கொடியும் கோடியும், எடுவும் ஏடும் மாறிப்போவதையும் இங்கேயே சேர்க்கலாம். மூன்றாவது பிழையில் எழுத்துகள் எல்லாம் இருக்கின்றன, வரிசைதான் குலைந்திருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பது. சாதாரணமாகப் பிழைவிடும் பிள்ளைக்குத் தவறான ஒரு வடிவம் மனதில் பதிந்திருக்கும். அது தவறாயினும் ஒரே தவறாக இருக்கும். இந்தப் பிள்ளைக்குப் பதிந்த வடிவமே இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேடியிருக்கிறான்.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏட்டுச்சுவடிக் காலத்தில் மெய்க்குக் குற்று இடுவது அரிது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடும் இருக்கவில்லை. கொம்பைச் சுழித்து இரட்டைக் கொம்பாக்கிய சீர்திருத்தம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரோடு வந்தது. அதற்கு முன் ஏடு வாசித்தவர் எல்லோருமே சொல்லின் இடத்தைப் பார்த்து ஊகித்துத்தான் வாசித்தார்கள். இந்தப் பிள்ளையும் இன்று அதைத்தான் செய்கிறது.

பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறாக இருப்பதையும் மறக்கலாகாது. ‘போகிறேன்’ என்று அச்சிட்டிருப்பதைப் பிள்ளை ‘போறன்’ என்று வாசித்தால், அது எழுத்தைப் பிடித்து, பொருளை விளங்கி, தன் வாய்மொழிக்கு மாற்றியிருக்கிறது என்று பொருள். அதைத் தவறாகக் கணக்கிடக் கூடாது. ‘போகிறேன்’ என்ற இடத்தில் ‘போட்டேன்’ என்று முதலெழுத்தை மட்டும் பார்த்து ஊகித்தால் அது கவனிக்க வேண்டியது.

தாள் இல்லாமலும் சிலவற்றைப் பார்க்கலாம். ‘தவளை’யில் ‘த’வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள், வளை என்று வர வேண்டும். ‘பலகை’யின் நடுவில் உள்ள ‘ல’வை எடுத்தால் பகை. ‘கல்’லை நீட்டிச் சொன்னால் கால். தரம் இரண்டு, மூன்று பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்துவிடுவார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை, சொல்லின் பொருள் நன்றாகத் தெரிந்திருந்தும், உள்ளே இருக்கும் ஒலியை உருவி எடுக்கத் திணறும். முன்பள்ளிப் பருவத்தில் எதுகை மோனைப் பாடல்களில் ஒத்த ஒலியைப் பிடிக்காமை, பேச்சு தாமதமாக வருதல், நீண்ட சொற்களில் அசைகள் இடம்மாறுதல் ஆகியவை இதே வேரிலிருந்து வருபவை. கிழமைகளையும் மாதங்களையும் வரிசையாகச் சொல்வதிலும், வாய்ப்பாட்டை மனனம் செய்வதிலும், நன்கு தெரிந்த பொருளின் பெயரைச் சட்டென்று எடுப்பதிலும் சிலருக்குச் சிரமம் இருக்கும். மேல்வகுப்புகளில் வாசிப்பு ஓரளவு வந்துவிட்டபின் வேகக்குறைவும் எழுத்துப்பிழையும் எஞ்சி நிற்கும்; சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் வினாவுக்கு விடை தெரிந்திருந்தும் நேரம் போதாமல் வெளியே வருகின்ற பிள்ளைகளில் இவர்களும் அடக்கம்.

பெண்பிள்ளைகள் அதிகம் தவறவிடப்படுகிறார்கள். ஆண்பிள்ளை வாசிக்க முடியாதபோது குழப்படி செய்கிறான், அதனால் எம் கண்ணில் படுகிறான். பெண்பிள்ளை பெரும்பாலும் அமைதியாக இருந்துவிடுகிறாள். உறுப்பெழுத்துக் கொப்பிக்கு எப்போதும் முழுப்புள்ளி பெறும் ஒரு மாணவியை எனக்குத் தெரியும்; கரும்பலகையில் உள்ளதைக் கோடு பிசகாமல் பார்த்து எழுதுவாள், எழுதியதை வாசிக்கச் சொன்னால் குனிந்துகொள்வாள். அவளுக்கு அது எழுத்து அல்ல, சித்திரம்.

இது டிஸ்லெக்சியா என்று சொல்லிவிடுமுன்

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவதே டிஸ்லெக்சியா என்று பலர் நினைக்கிறார்கள். ஏழு வயதுவரை பல பிள்ளைகள் அப்படி எழுதுவது இயல்பு. டிஸ்லெக்சியா உள்ள பலர் ஒருநாளும் அப்படி எழுதுவதில்லை. வாசிப்புச் சிரமத்தைக் கண்டவுடன் முதலில் செய்ய வேண்டியது கண்ணையும் காதையும் பரிசோதிப்பதாகும். தூரத்துக் கரும்பலகை தெரியாத பிள்ளையும், அடிக்கடி காது சீழ் வடிந்து ஒலிகளை மங்கலாகக் கேட்கும் பிள்ளையும் ஏறக்குறைய இதே கோலத்தைக் காட்டக்கூடும். பிள்ளை வீட்டில் ஒரு மொழியும் பாடசாலையில் இன்னொரு மொழியும் பயில்வதால் டிஸ்லெக்சியா வருவதில்லை. ஆனால் அப்பிள்ளையை இரு மொழியிலும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

எமது மாவட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 1995இன் போர்க்கால இடப்பெயர்விலும் அதற்குப் பின்னான ஆண்டுகளிலும் பாடசாலை மாறி மாறி, மரநிழலில் இருந்து படித்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது தரம் ஒன்றையே ஒழுங்காகக் காணாத பிள்ளைகளும் உண்டு. கற்பிக்கப்படாததால் வாசிக்க முடியாமல் இருப்பதும், கற்பித்தும் வாசிக்க முடியாமல் இருப்பதும் வேறு வேறு. இரண்டையும் பிரித்தறிய நல்ல வழி, ஒழுங்காகக் கற்பித்துப் பார்ப்பதுதான். சிறு குழுவாக இருத்தி, கிழமைக்கு நாலைந்து நாள், எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகக் கற்பித்தால், இடைவெளியால் பின்தங்கிய பிள்ளை இரண்டு மூன்று மாதங்களில் வேகமாக ஏறிவரும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் முன்னேறும், ஆனால் அந்த முன்னேற்றம் மெதுவாகவும், கிழமைக்குக் கிழமை வழுக்கியும் இருக்கும். இதை முறையாக உறுதிப்படுத்துவது பயிற்சிபெற்ற நிபுணரின் வேலை. ஆசிரியரால் செய்யக்கூடியது கவனித்துக் குறிப்பெடுத்து அனுப்புவதாகும். அந்த உறுதிப்படுத்தல் வரும்வரை உதவியைத் தள்ளிவைக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

பலங்களை எப்படிப் பார்ப்பது

டிஸ்லெக்சியா பற்றிய விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் ஐன்ஸ்டைனின் படம் இடம்பெறாமல் இருப்பது அபூர்வம். அவருக்கு டிஸ்லெக்சியா இருந்தது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. இல்லாத சான்றை வைத்துப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்லத் தேவையுமில்லை. தாமே சொன்னவர்கள் இருக்கிறார்கள். 2009இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கரோல் கிரைடர், சிறுவயதில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் தன்னை மந்தபுத்திக்காரியாக எண்ணியதையும், சொற்களை மனனம் செய்து ஈடுகட்டியதையும் சொல்லியிருக்கிறார். 2017இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்த சுவிற்சர்லாந்து விஞ்ஞானி ஜாக் டுபோஷே, தனது வாழ்க்கைக் குறிப்பிலேயே, தன் மாநிலத்தில் உத்தியோகபூர்வமாக அறியப்பட்ட முதலாவது டிஸ்லெக்சியாக்காரர் தாம் என்று நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார்.

ஆயினும், டிஸ்லெக்சியா இருந்தால் வேறொரு திறமை கட்டாயம் இருக்கும் என்பது இயற்கையின் விதியன்று. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உலகில் அமைய முடியாத உருவங்களை வரைந்து காட்டியபோது டிஸ்லெக்சியா உள்ளவர்கள் மற்றவர்களைவிட விரைவாக, அதே அளவு சரியாக அவற்றை இனங்கண்டார்கள். அதே ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வில், இடவெளி சார்ந்த பல பரிசோதனைகளில் அவர்களுக்குப் பொதுவான மேன்மை எதுவும் காணப்படவில்லை. ஆகவே கட்டடக்கலைஞனாக வருவாய், வியாபாரியாக வருவாய் என்று ஆரூடம் சொல்வதை நான் விரும்புவதில்லை. அது நிறைவேறாதபோது பிள்ளைக்கு இரண்டாவது தோல்வியாகிவிடும். பலம் என்பது அந்தந்தப் பிள்ளையிடம் போய்ப் பார்க்க வேண்டியது.

பார்ப்பதற்கான இடம் வகுப்பறைக்கு வெளியிலும் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று தொடங்கியதும் எங்கள் ஊர் வானம் பட்டங்களால் நிறைந்துவிடும். பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்களைப் பார்க்கப் பெருங்கூட்டம் சேரும். பட்டம் என்ற சொல்லைப் ‘படம்’ என்று எழுதுகின்ற அதே மாணவன், மூங்கிலைச் சீவி, இரு பக்கமும் நிறை சமமாக இருக்கிறதா என்று விரல்நுனியில் வைத்துப் பார்த்து, முச்சை எனும் பிணைப்பு நூல்களைக் கட்டி, காற்றில் ஒலியெழுப்பும் விண் பூட்டி ஏற்றினான். பட்டம் ஒருபக்கம் சரிந்தபோது பெரிய பையன்கள் வாலை நீட்டச் சொன்னார்கள். அவன் வாலைத் தொடாமல் இறக்கி, முச்சையின் ஒரு நூலை அரைவிரற்கடை அளவு குறுக்கி மறுபடி ஏற்றினான். ஏன் என்று கேட்டபோது காற்று எந்தப் பக்கத்தில் அதிகம் பிடிக்கிறது என்று கையால் காட்டி விளக்கினான். ஒரு விளைவைப் பார்த்துக் காரணத்துக்குப் பின்னோக்கிச் செல்லும் இந்த நடை, விஞ்ஞான பாடத்துக்கு நாம் கற்பிக்க விரும்புகின்ற அதே நடைதான்.

எல்லாப் பலங்களும் இப்படிக் கண்ணைப் பறிப்பவையாக இருப்பதில்லை. சொன்னதைக் கேட்டு நினைவில் வைத்தல், கதையை ஒழுங்காகச் சொல்லுதல், தெரியாததை வெட்கமின்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுதல், குழுவில் யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று அறிந்து பகிர்தல் ஆகியனவும் பலங்களே. இவற்றில் சில பிறவியில் வந்திருக்கலாம். சில, வாசிப்பில்லாமல் சமாளிக்க வேண்டியிருந்ததால் வளர்ந்திருக்கலாம். எப்படி வந்தது என்பது எமக்கு முக்கியமன்று. பலம் தெரிந்தால்தான் இடர்ப்பாடும் சரியாகத் தெரியும் என்பதே முக்கியம்; அந்தத் தூரத்தை அளக்க ஒரு முனை மட்டும் போதாது.

கண்டுகொண்ட பிறகு செய்யக்கூடியவற்றில் பெரும்பாலானவை செலவில்லாதவை. எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதச் செய்வது கண், காது, கை மூன்றையும் ஒன்றாக ஈடுபடுத்துகிறது. விஜயதசமியன்று அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பதை நாம் ஒரு நாளோடு நிறுத்திவிடுகிறோம். இந்தப் பிள்ளைக்கு அது பல மாதங்கள் வேண்டும். முன்னறிவித்தலின்றி எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டு, நாளை வாசிக்க வேண்டிய பந்தியை இன்றே கொடுத்துவிடலாம். பிழைவிட்ட சொல்லை ஐம்பது தடவை எழுதச் சொல்வதால் கை மட்டுமே களைக்கும். சூழல், சமயம் போன்ற பாடங்களில் கருத்துக்குப் புள்ளியிட்டு, எழுத்துப்பிழையைத் தமிழ்ப்பாடத்துக்கு விட்டுவிடலாம். கைத்தொலைபேசி இப்போது தமிழை வாசித்தும் காட்டுகிறது, சொல்வதை எழுதியும் தருகிறது. மேல்வகுப்புப் பிள்ளைக்கு அதைத் தடை செய்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பொதுப்பரீட்சைகளில் மேலதிக நேரம் கோருவதானால், வைத்திய அறிக்கையோடு அதிபர் ஊடாக முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பரீட்சைக்கு முந்திய மாதத்தில் தொடங்கினால் காலம் போதாது.

நிபுணரிடம் அனுப்பும்போது ‘வாசிப்பில் பலவீனம்’ என்று ஒரு வரியில் கடிதம் எழுதுவதால் பயனில்லை. அந்த மாணவனின் தாயிடம் நான் ஒரு கோப்பைக் கொடுத்து அனுப்பினேன். பனங்கிழங்கு மூன்று விதமாக இருந்த பக்கத்தின் பிரதி, ஒரு பந்தியை வாசிக்க அவன் எடுத்த நேரம், கண் பரிசோதனைத் துண்டு, தகப்பனின் சிறுவயது பற்றிய குறிப்பு ஆகியவற்றோடு, அதே பனம்பாத்தியைப் பற்றி அவன் வாயால் சொன்ன நான்கு நிமிட ஒலிப்பதிவும் அதில் இருந்தது. அப்பாச்சி எந்த மாதத்தில் பனங்கொட்டை அடுக்குவார், எப்போது கிண்டுவார், ஏன் சில கொட்டைகள் முளைக்காமல் கிடக்கும் என்பதெல்லாம் அதில் வரிசை தவறாமல் வருகின்றன. கொழும்பில் வளர்ந்து இங்கே மாற்றலாகி வந்திருந்த அந்த வைத்தியர் கொப்பிப் பக்கத்தைப் பார்த்தார், ஒலிப்பதிவை முழுவதும் கேட்டார், பிறகு அவனிடம் முதலாவதாகக் கேட்டது, ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் என்ன வித்தியாசம் என்பதாம். பச்சைக் கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல் என்று தொடங்கி, எதை எதற்குப் பயன்படுத்துவது என்பதுவரை அவன் சொல்லி முடித்த பின்னரே பரிசோதனை தொடங்கியது என்று தாய் வந்து சொன்னார்.